அண்டாவ விக்கப் போயி ஈசிசேர் வாங்கிட்டு வந்த கதை: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு

இத டைப் பண்றப்பவே அந்த ஈசிசேர்லதான் சாஞ்சிருக்கேன், அதனால ரிவ்யூ கொஞ்சம் ஒரு பக்கமா சாஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க. இன்னொண்ணு, நான் பழைய சாமான் சேகரிக்கிற ஆளு இல்ல. அந்தத் தெருவப் பத்தி நெட்ல இருக்கிற எல்லாமே வெளியூர்ல இருந்து வந்து கதவு வாங்கினேன், கண்ணாடி வாங்கினேன்னுதான் இருக்கு, விக்கப் போறவங்களுக்கு யாரும் எதுவும் எழுதல, அதான் உக்காந்தேன்.

எங்களுக்கு காரைக்குடி பக்கத்துல கோட்டையூர். பெரிய அரண்மனை வீடெல்லாம் கிடையாது, முன்னாடி ஒரு திண்ணை, நடுவுல சின்னதா ஒரு முற்றம், பின்னாடி அடுப்படி, அதுக்குப் பக்கத்துல ஒரு சாமான் ரூம், அவ்ளோதான், மேல நாட்டு ஓடு. ஐப்பசி மழை அடிச்ச ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தொப்புனு ஒரு சத்தம், பூனையா இருக்கும்னு திரும்பிப் படுத்துட்டேன். காலைல பாத்தா சாமான் ரூம்ல கணுக்கால் அளவு தண்ணி. குரங்கு வந்து ஓட்டக் கலைச்சு விட்டது எப்பவோ, அது வழியா ஒழுகி ஒழுகி கைமரம் உளுத்துப் போயி, அன்னைக்கு ஒரேயடியா உக்காந்துருச்சு. தண்ணி செவுத்து வழியா மீட்டர் போர்டு வரைக்கும் இறங்கி ஃப்ரிட்ஜும் மோட்டாரும் சேந்து போச்சு. தண்ணி உள்ள நிறைய, பைப்ல சொட்டு இல்ல, எப்படி இருக்கும் பாருங்க.

வேலைக்கு வந்த மேஸ்திரி அட்வான்ஸ் பதினஞ்சாயிரத்த வாங்கிட்டு ஒம்போது நாள் ஃபோன எடுக்கல. நாட்டு ஓடு இப்பல்லாம் லேசுல கெடைக்கிறதில்ல, எங்கயோ ஒரு பழைய வீட்டப் பிரிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு அங்க போயி எண்ணி எண்ணி வாங்கிட்டு வந்தோம். மொத்தமா 71,000 ரூபா. அதுக்கு எந்த நகை எங்க போச்சுன்னு அத்தைக்கு இன்னும் தெரியாது, இத அவங்க படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துலதான் எழுதுறேன்.

சரி, சாமான் ரூம். காய வைக்கிறதுக்காக எல்லாத்தையும் எடுத்து திண்ணைல போட்டோம். திண்ணை பத்தல, வாசல்ல போட்டோம், வாசலும் பத்தல. நாலு ட்ரங்க் பெட்டி, மூணு பித்தளை அண்டா, எனாமல் தூக்கு எண்ணிப் பாத்தா பதினொண்ணு, ஓடாத மிக்சி ரெண்டு, விசேஷத்துக்கு விசேஷம் வந்த எவர்சில்வர் தட்டு டம்ளர் பிரிக்காத டப்பாவோட, அப்புறம் கட்டப்பை. ஜவுளிக்கடை கட்டப்பை, நகைக்கடை கட்டப்பை, காதுகுத்துக்குத் தாம்பூலம் போட்டுக் குடுத்த கட்டப்பை, ஒரு கட்டப்பைக்குள்ள பத்து கட்டப்பை. எம்பொண்ணு எண்ணி 64னு சொன்னா. தெருவுல போறவங்க எல்லாம் நின்னு வீடு மாறுறீங்களான்னு கேட்டுட்டுப் போறாங்க.

கல்யாணம் ஆகி பத்தொம்பது வருஷத்துல அந்த ரூமோட பின்செவுத்த நான் பாத்ததே அன்னைக்குத்தான்.

அப்பத்தான் முடிவு பண்ணேன், காஞ்சதுக்கு அப்புறம் இதுல பாதி திரும்ப உள்ள போகக்கூடாது. சொன்னதும் அத்தை பிடிச்சுக்கிட்டாங்க. அவங்ககிட்ட ஒரு பலமான ஆயுதம் இருக்கு, ரோஜா முத்தையா. எங்க ஊர்க்காரரு, ஊர்ல எல்லாரும் தூக்கிப் போடுற புத்தகம், நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேத்து சேத்து வச்சவரு, 1992ல அவரு தவறினதுக்கு அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அத மொத்தமா வாங்கி, 1994ல சென்னைல அவர் பேர்லயே நூலகம் ஆக்குனாங்க. "அவுக அன்னைக்குக் குப்பைன்னு போட்டிருந்தா சிகாகோக்காரன் வந்திருப்பானா"ன்னு கேப்பாங்க அத்தை. எங்க வீட்டுக்காரர் சும்மா இருக்கணும்ல, "ஆத்தா, அழகப்பச் செட்டியாரும் இந்த ஊருதான், குடியிருந்த வீட்டையே பொம்பளப் புள்ளைக காலேசுக்குக் குடுத்துட்டாரு, நீ அரை டஜன் தூக்கக் குடுக்க மாட்டேங்குற"ன்னாரு. ஒரே ஊர்ல ரெண்டு பெரிய மனுசங்க பொறந்தா இதுதான் கஷ்டம், வீட்டுல சண்டை முடியவே முடியாது.

பகல்ல நான் விக்கிறதுன்னு ஒதுக்கி வச்சது ராத்திரில நகந்து வச்சுக்கிறதுக்குப் போயிடும். மூணு நாள் இப்படி. கடைசில ஒரு ஒப்பந்தம், ஆளுக்கு ஒரு ட்ரங்க் பெட்டி, அதுல அடங்கறது இருக்கலாம், மூடி மூடணும். அத்தை அவங்க பெட்டிய அடுக்கின அழகப் பாத்தீங்கன்னா, ஒரு இன்ச் விடல.

இப்ப தெருவுக்கு வருவோம். முனீஸ்வரன் கோயில் தெரு காரைக்குடில யாரக் கேட்டாலும் சொல்வாங்க. வரிசையா பழஞ்சாமான் கடைங்க. செவுத்துல சாச்சு வச்ச நிலைக்கதவுங்க, தூணு, ரசம் போன கண்ணாடி, ஊறுகா ஜாடி, லாந்தர், பீங்கான் ஸ்விட்சு, அந்தக் காலத்துக் கடைகளோட தகர போர்டு, ரேடியோ, சாமி படங்க, எல்லாம் தரைல இருந்து கூரை வரைக்கும். முதல் தடவை உள்ள போறப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, எங்க சாமான் ரூமே பரவால்ல.

வீடுங்களப் பிரிக்கப் பிரிக்க சாமான் இங்க வருது. பிள்ளைங்க சென்னைலயும் சிங்கப்பூர்லயும் இருக்கு, பங்காளிங்க நாப்பது பேருக்கு ஒரு வீடு, யாரு பராமரிக்கிறது? பிரிச்சு வித்துடறாங்க. நான் ஓடு வாங்கின அந்த வீட்டோட கதவும் இங்க எங்கயாவது சாஞ்சு நின்னிருக்கும், தேடிப் பாக்கல.

நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருத்தர் முகத்தப் பாத்தே விக்க வந்திருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டு பேப்பர்ல இருந்து தலையவே நிமித்தல. மூணாவது கடைக்காரர்தான் ஃபோன்ல ஃபோட்டோ இருக்கான்னு கேட்டாரு. இது முதல் டிப்ஸ், சாமானத் தூக்கிட்டுப் போகாதீங்க, ஃபோட்டோ எடுத்துட்டுப் போங்க, அடில முத்திரை இருந்தா அதையும் கிட்டக்க வச்சு எடுங்க. தூக்கிட்டுப் போயிட்டா திரும்பத் தூக்கிட்டு வரணுமேன்னே சொன்ன விலைக்குக் குடுத்துட்டு வந்துருவோம், அது அவங்களுக்கும் தெரியும்.

நான் பொக்கிஷம்னு நெனச்சது எதுவும் பொக்கிஷம் இல்ல. எவர்சில்வர்னு சொன்னதும் சிரிச்சுட்டாரு, "அக்கா அதப் பாத்திரக்கடைல போட்டு வேற பாத்திரம் மாத்திக்கங்க, இங்க கொண்டாந்துறாதீங்க." தையல் மிஷின் முழுசா வேணாமாம், இரும்புக் கால் மட்டும் போதுமாம், அதுமேல பலகையப் போட்டு மேசையாக்கி ஹோட்டல்காரங்களுக்குக் குடுப்பாங்களாம், 1,200. ஆனா நான் நாய்க்கு சோறு வைக்க வச்சிருந்த நீலக்கலர் எனாமல் தூக்கு இருக்கே, அதோட அடியப் பாத்துட்டு மனுஷன் கண்ணாடிய மாட்டிக்கிட்டாரு. ஸ்வீடன்னு முத்திரை. அந்தக் காலத்துல இந்தப் பக்கத்து வீடுகள்ல பொண்ணுக்கு சீர் குடுக்கறப்ப ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான்னு எங்கெங்க இருந்தோ இந்த மங்குச் சாமான்லாம் வந்து இறங்கியிருக்கு, இப்ப அத டெக்கரேஷனுக்குத் தேடுறாங்க. நாய் சாப்பிட்ட தூக்குக்கு 900 ரூபா. மத்ததெல்லாம் சில்லு பேந்து போனது, 150 மேனிக்குப் போட்டாரு.

அண்டா 11 கிலோ. பழைய இரும்புக்கடைல கிலோ 430னு கேட்டு வச்சிருந்தேன், அப்ப 4,730 வருது, இவரு உருப்படியாவே 6,000னு எடுத்துக்கிட்டாரு. ரெண்டாவது டிப்ஸ் இதான், எடை விலைய முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க, அதுக்குக் கீழ பேசினா பேச்சே வேணாம், கிளம்பிடலாம்.

அந்த அண்டாவுலதான் ஒரு பிரச்சனை. அத்தையோட அம்மா பேரு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும், ஊர் பேரோட. நம்ம பக்கம் பேர் வெட்டாத பாத்திரம் ஏது. அத்தை குடுக்க சம்மதிச்சதே ஒரு கண்டிஷன்லதான், பேர அழிச்சுட்டுத்தான் குடுக்கணும், எங்க ஆத்தா பேரு எவன் வீட்டு வாசல்லயோ கெடக்கக் கூடாதுன்னு. நான் அதக் கடைக்காரர்கிட்ட சொன்னா அவரு பதறிட்டாரு, "அய்யோ அழிச்சிடாதீங்கக்கா, பேர் இருந்தாத்தான் போகும், வர்றவங்க அத வாசிச்சு வாசிச்சுப் பாப்பாங்க, அழிச்சீங்கன்னா 500 கொறச்சுப்பேன்." திரும்பிப் பாத்தா கடை முழுக்க பேரு. மீனாட்சி, விசாலாட்சி, உமையாள், கூஜாவுல, தாம்பாளத்துல, குத்துவிளக்குப் பாதத்துல. அரை மணி நேரம் சும்மா வாசிச்சுக்கிட்டே நின்னேன். அத்தைக்கு ஃபோனப் போட்டு விஷயத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம், "ஐநூறா? சரி, இருந்துட்டுப் போகட்டும், ஆத்தாவும் நாலு ஊரு பாக்கட்டும்"னு வச்சுட்டாங்க.

ஒரு ராமர் பட்டாபிஷேகப் படம், நல்ல தேக்கு ஃப்ரேம் போட்டது, மழைல ஓரம் கறை ஏறிப்போச்சு. "ரெண்டு மாசம் முன்னாடி கொண்டாந்திருந்தா ரெண்டாயிரத்துக்குக் கொறயாதுக்கா"ன்னு சொல்லிட்டு 700 குடுத்தாரு. இத அவரு சொல்லாமலே இருந்திருக்கலாம். அப்புறம் ஒரு சின்ன உலோகப் பிள்ளையார், எத்தன வருஷமோ தெரியாது, பரண்ல கெடந்துச்சு. ஃபோட்டோவ அவரு தள்ளி விட்டுட்டாரு, சிலையத் தொட மாட்டேன்னு. 1972ல வந்த தொல்பொருள் சட்டத்துல 100 வருஷம் தாண்டின சிலை, ஓவியத்துக்கெல்லாம் தனி விதி இருக்கு, பதிவு பண்ணணும், லைசன்ஸ் இல்லாம அத வியாபாரம் பண்ணக் கூடாது, வெளிநாட்டுக்கும் அனுப்பக் கூடாது, ஓலைச்சுவடி மாதிரி கைப்பிரதின்னா 75 வருஷமே போதும். ஒதுங்கிப் போற கடைக்காரர்தான் நல்ல கடைக்காரர்னு எனக்குப் பட்டுச்சு. பிள்ளையார் இப்ப அத்தை ட்ரங்க் பெட்டிய விட்டு சாமி ரூமுக்கு வந்துட்டாரு, அவருக்கும் ஒரு இடம் கெடச்சுச்சு.

எல்லாம் சேத்து 14,350. ஜிபேல உடனே போட்டுட்டாரு. பில்லெல்லாம் கேக்காதீங்க, வராது.

இந்த இடத்துல நான் கிளம்பியிருக்கணும்.

விலை பேசின சாமானையெல்லாம் குட்டியானைல (சின்ன லோடு வண்டி) ஏத்திக் கொண்டு வந்திருந்தோம், வண்டிக்காரர் இறக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு, எனக்குக் கால் வலி, அந்தத் தெருவுல விக்கிறவளுக்கு உக்கார ஒரு ஸ்டூல் கெடயாது (இதுக்கு ஒரு ஸ்டார் கொறச்சிருக்கேன்). "அதுல உக்காருங்கக்கா"ன்னு கையக் காமிச்சாரு, ஒரு ஈசிசேரு, மரச்சட்டம், கித்தான் துணி, மடக்குற மாதிரி. உக்காந்தேன். அந்த மழை ராத்திரிக்கு அப்புறம் மேஸ்திரி, நகைக்கடை, ஈபி ஆபீஸ், மோட்டார் கடைன்னு அலைஞ்சதுல முதுகு எங்கயும் முழுசா சாஞ்சதா ஞாபகமே இல்ல, படுத்தாலும் கண்ணு ஓட்டுமேலயேதான் இருக்கும். இதுல சாஞ்சதும் என்னாச்சுன்னு தெரியல, ஒரு பத்து நிமிஷம் தூங்கிட்டேன். நடுக்கடைல, வாயத் தொறந்துக்கிட்டு. அவரு எழுப்பல.

4,500 சொன்னாரு. பர்மா தேக்காம். இந்தத் தெருவுல எல்லாமே பர்மா தேக்குதான், வேப்பமரக் கட்டிலக் கேட்டாலும் பர்மாலருந்து கப்பல்ல வந்துச்சும்பாங்க, அத நம்பி விலை பேசாதீங்க. நான் பாத்தது வேற. சட்டத்துல இணைப்பெல்லாம் மர ஆணி, ரெண்டு இடத்துல மட்டும் பின்னாடி போட்ட ஸ்க்ரூ. தூக்கிப் பாத்தா நல்ல கனம். பாலிஷ் அடிச்சு மறைக்கல, கை வைக்கிற எடத்துல மட்டும் தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு. யாரோ ஒரு ஐயா வருஷக்கணக்கா அங்கயே கைய வச்சு பேப்பர் படிச்சிருப்பாரு. 3,400க்கு முடிச்சேன். எங்க வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி சொன்னா முதல்ல லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சேன், அப்புறம் பாத்தா அவரு சிரிக்கிறாரு.

ரெண்டு மாசம் ஆச்சு, இனிமே ப்ராடக்ட் ரிவ்யூ.

நல்லது: முற்றத்து ஓரமா, முன்னாடி பழைய பெட்டிங்க அடுக்கி இருந்த தாழ்வார மூலைல போட்டிருக்கேன். சாயங்காலம் வெயில் இறங்கினதும் காத்து அங்கதான் வரும், இவ்ளோ நாள் அந்தக் காத்து பெட்டிக்கு வீசிக்கிட்டு இருந்துச்சு. கழுத்துக்கு வாட்டமா இருக்கு, டீ டம்ளர் வைக்கிற அளவுக்குக் கைப்பிடி அகலம். மடக்கினா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கும். கெட்டது: எந்திரிக்கிறது கஷ்டம். அடுப்புல பால வச்சுட்டு இதுல உக்காராதீங்க, அனுபவத்துல சொல்றேன். மேல கட்டை கோத்திருக்கிற எடத்துல துணி தையல் விட ஆரம்பிச்சிருக்கு, பழைய துணி, கடைலயே மாத்திக் கேட்டிருக்கணும், எனக்கு அப்ப தூக்கக் கலக்கம். கித்தான் மீட்டர் கணக்குல வாங்கி டெய்லர்கிட்ட குடுத்தா ரெட்டைத் தையல் போட்டுக் குடுப்பாங்க, சாதா மிஷின்ல ஊசி ஒடயும்னு பாதிப் பேர் வாங்க மாட்டேங்கிறாங்க. இன்னொரு கெட்டது, நான் ஆபீஸ் விட்டு வர்றதுக்குள்ள அத்தை அதுல இருப்பாங்க. வாங்கினப்ப "இருக்கிறத வித்துட்டு எவன் வீட்டுக் கட்டையவோ தூக்கியாந்திருக்கா"ன்னு சொன்ன அதே அத்தை.

சேருக்கு 5க்கு 4.5. கடைக்கு 4. தெருவுக்கு மொத்தமா 3.5, ஏன்னா விலை போர்டு கெடயாது, ஆளப் பாத்து விலை, சனி ஞாயிறுல கானாடுகாத்தான், ஆத்தங்குடி சுத்த வர்ற டூரிஸ்ட் கூட்டம் இங்கயும் இறங்கும், அன்னைக்குப் போனீங்கன்னா விக்கிறதுக்கும் முகம் குடுக்க மாட்டாங்க, வாங்குறதுக்கும் பேரம் பேச முடியாது. வாரநாள் காலைல போங்க.

மிச்சப் பணத்துல பெருசா ஒண்ணும் பண்ணல, மோட்டார் பாக்கிக்கே சரியாப் போச்சு. ரெண்டு கொட்டான் மட்டும் வாங்கினேன், மூடி வச்ச பனையோலைக் கொட்டான், ஒண்ணுல அத்தையோட மாத்திரைங்க, இன்னொண்ணுல பில்லு, ரசீது, ரேஷன் கார்டு. முன்னாடி இதெல்லாம் எங்க இருந்துச்சு தெரியும்ல, கட்டப்பைல. ஈரக் கையோட எடுக்காதீங்க, ஓலை பூசணம் பிடிக்கும், வாரத்துக்கு ஒரு தடவ நிழல்ல காத்தாட வச்சா போதும். அந்த 64 பையயும் பொண்ணு கொண்டு போயி பக்கத்துத் தெரு காய்கறிக்கார அம்மாகிட்ட குடுத்துட்டா, அவங்க சந்தோஷப்பட்டு ஒரு கட்டு கீரை குடுத்தாங்க, எதுல போட்டுன்னு கேக்காதீங்க.

ஃப்ரிட்ஜ் இன்னும் வாங்கல. முதல் வாரம் கையொடிஞ்ச மாதிரி இருந்துச்சு, இப்ப பழகிருச்சு, மூணு நாள் பழைய கொழம்பு எடுத்து எடுத்து வைக்கிற வேலை இல்ல. மாவும் அன்னன்னைக்கு ஆட்டுறதுதான், அதுல ஒரு லாபம், வெள்ளைப் பணியாரத்துக்கு அன்னைக்கு ஆட்டுற மாவுதான் சரி. ஒரு டம்ளர் பச்சரிசிக்கு மேல கோபுரமா உளுந்த வச்சு அளந்து ஊறப்போட்டு, வெண்ணெய் மாதிரி ஆட்டி, கரண்டில அள்ளி எண்ணெய்ல ஊத்துனா பூ மாதிரி எழும்பி வரும். வரமிளகாத் துவையலோட நாலு பணியாரம் தட்டுல, அந்தத் தட்டு சேரோட கைப்பிடில, மழை வந்தா முற்றத்துல விழுறதப் பாத்துக்கிட்டு. ஓட்டுல சத்தம் கேட்டா இப்பவும் தலை தானா மேல போகும், அது போகட்டும்.

கடைசியா வண்டி விஷயம். குட்டியானை பேசறப்ப போக வர ரெண்டுக்கும் சேத்துப் பேசிருங்க. திரும்பி வர்றப்ப காலியாத்தான வரப்போகுதுன்னு நான் போறதுக்கு மட்டும் 600 பேசினேன், ஒத்த சேருக்கு அந்த மனுஷன் தனியா 400 வாங்கிட்டாரு.